சொந்த ஊர் யாருக்குச் சொந்தம்?

இருவர் முதன்முறையாகச் சந்தித்தால், பெயருக்கு அடுத்தபடியாக நம் நாட்டில் கேட்கப்படும் கேள்வி 'உங்களுக்கு எந்த ஊர்?' என்பதாகும். சென்னையில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்து, அங்கேயே வீடு கட்டி, அங்கேயே பிள்ளைகளுக்கு மணமுடித்து வைத்தவரும்கூட இக்கேள்விக்குத் தயக்கமின்றித் தாம் பிறந்த சிற்றூரின் பெயரையே சொல்வார். 'இப்போது இருப்பது சென்னையில்' என்பதைப் பின்குறிப்பாகச் சேர்த்துக்கொள்வார். அவருடைய வாக்காளர் அட்டையும் குடும்ப அட்டையும் சென்னை முகவரியைத்தான் காட்டும். ஆயினும் அவர் உள்ளத்தில் 'ஊர்' என்பது ஒன்று, 'இருப்பது' என்பது வேறொன்று.

இவ்வாறு இரண்டாகப் பிளவுபட்டு வாழ்பவர்கள் சிலரல்லர். 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் முன்பு வாழ்ந்த இடத்தைவிட்டு வேறிடம் பெயர்ந்தவர்கள் 45 கோடிக்கும் மேற்பட்டவர்கள். தமிழகத்தில் அவ்வாண்டே மக்களில் 48.4 விழுக்காட்டினர் நகரவாசிகளாகிவிட்டனர். நம்முடைய பங்குகளிலும் இதுவே நிலை. நகரத்துக் கோவில்களில் ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு நின்று பேசிக்கொண்டிருப்பவர்களில் பெரும்பாலோர் வேறெங்கோ திருமுழுக்குப் பெற்றவர்கள்.

விட்டுப் பிரிந்து வந்த ஊரின்மீது நமக்கு என்ன உரிமை இருக்கிறது? அதற்கு நாம் ஏதேனும் கடன்பட்டிருக்கிறோமா? நினைவு என்பது பட்டா ஆகுமா? பொழுதுபோகாதவர்களின் கேள்விகள் இவை என்று சிலர் எண்ணக்கூடும். 2025 பிப்ரவரியில் நண்பர்கள் ஐவர் மிதிவண்டிகளில் மேற்கொண்ட ஒரு பயணம், இக்கேள்விகளுக்கு எட்டு சென்ட் நிலத்தின் அளவும் எல்லையும் உண்டு என்பதை எனக்கு உணர்த்தியது.

எங்களுள் ஒருவர் கல்வராயன் மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். பன்னிரண்டாம் வயதில் விடுதிப் பள்ளிக்குச் சென்றவர், பின்னர் விடுமுறைக்கு மட்டுமே ஊருக்குத் திரும்பினார். பெற்றோர் மறைந்தபின் அதுவும் நின்றது. பணி ஓய்வு பெற்றபின் அந்த ஊரை ஒருமுறை பார்க்கவேண்டும் என்ற ஆவல் அவரைப் பற்றிக்கொண்டது. 'காரில் போனால் அரை நாளில் பார்த்துவிட்டு வந்துவிடலாமே' என்றோம். 'பார்த்துவிட்டு வருவதற்கா போகிறேன்?' என்று கேட்டார். சிறுவனாக மிதிவண்டியின் நடுக்கம்பியில் தந்தைக்கு முன்னால் அமர்ந்து சென்ற சாலையை அதே வேகத்தில் கடக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். எங்களுள் மூத்தவருக்கு அறுபத்தெட்டு வயது. அவர்தான் முதலில் சம்மதித்தார்.

வேகம் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டு, 1969-ல் அப்பணியிலிருந்து விலகிய இவான் இல்லிச் என்னும் சிந்தனையாளர், ஆற்றலும் சமநீதியும் பற்றி எழுதி 1974-ல் ஆங்கிலத்தில் வெளியிட்ட சிறு நூலில் விந்தையான ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினார். அமெரிக்கர் ஒருவர் தம் காரை ஓட்டுவதற்கும், அதை வாங்கிப் பராமரிக்கும் பணத்தை ஈட்டுவதற்கும் ஆண்டுக்கு 1,600 மணி நேரம் செலவிடுகிறார். அதில் அவர் கடப்பது ஏறத்தாழ 12,000 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் மணிக்கு எட்டு கிலோமீட்டருக்கும் குறைவு! வாகனங்களின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டரைத் தாண்டும்போது மனிதரிடையே சமத்துவம் குறையத் தொடங்குகிறது என்பது அவர் வாதம். அந்த எண்ணை அப்படியே ஏற்கவேண்டும் என்பதில்லை. ஆனால் மிதிவண்டியில் செல்பவரை யாரும் கைகாட்டி நிறுத்தலாம், பெயர் கேட்கலாம், திட்டவும் செய்யலாம் என்பதை நாங்கள் வழிநெடுகிலும் கண்டோம். கார்க் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவரிடம் ஒருவர் தம் குறையைச் சொல்வது அத்தனை எளிதன்று. எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவிய சமாரியர், விலங்கொன்றின் மேல் பயணம் செய்தவர். அவருடைய இரக்கத்தில் அந்த விலங்கின் மெதுவான நடைக்கும் சிறு பங்கு இருந்திருக்கும் என்று எண்ணுகிறேன்.

(மிதிவண்டியை ஏழையின் வாகனம் என்று இரங்குவோர், 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். அறிவொளி இயக்கத்தின் ஊக்கத்தால் அங்கே பல்லாயிரம் கிராமப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றார்கள். கல்குவாரித் தொழிலாளர்களும் அவர்களில் இருந்தனர். கணவரையோ பேருந்தையோ எதிர்பாராமல் வெளியே சென்றுவர முடிந்ததே அவர்களுக்கு எழுத்தறிவுக்கு இணையான விடுதலையாயிற்று.)

திருக்கோவிலூரிலிருந்து புறப்பட்டோம். தென்பெண்ணை ஆற்றின் நடுவே கபிலர் குன்று நிற்கிறது. பறம்பு மலையை ஆண்ட பாரி மாண்டபின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு வெளியேறிய கபிலர், திரும்பித் திரும்பி அந்த மலையைப் பார்த்துப் பாடியவை புறநானூற்றில் உள்ளன. பாரி மகளைத் திருக்கோவிலூரில் ஒப்படைத்துவிட்டு அவர் தீப்புகுந்த செய்தியை, இராசராச சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இவ்வூர்க் கோவிலில் கூறுகிறது. தமிழில் ஊரை இழந்த துயரம் எத்தனை பழையது! ஆனால் கபிலருக்கும் எங்கள் நண்பருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பறம்பு பகைவர் கைப்பட்டது. அங்கே திரும்பிச் செல்லக் கபிலருக்கு வழியில்லை. நாமோ, பெரும்பாலும், பிழைப்பையும் படிப்பையும் நாடி விரும்பியே வெளியேறுகிறோம். வழி திறந்தே இருக்கிறது. திறந்திருக்கும் வழியில் செல்லாமல் இருந்துகொண்டே ஏங்குவது ஒருவகைச் சுகம். அந்தச் சுகத்தைத் துயரம் என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ரிஷிவந்தியம், தியாகதுருகம் வழியாகச் சென்று இரவு கள்ளக்குறிச்சியில் தங்கினோம். மறுநாள் காலை கருணாபுரத்தைக் கடக்க வேண்டியிருந்தது.

அந்தப் பெயரை இன்று தமிழகத்தில் அறியாதவர் இலர். 2024 ஜூன் 18-ஆம் நாள் அங்கே விற்கப்பட்ட சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது. மறுநாள் காலையிலிருந்து ஒவ்வொருவராக விழத் தொடங்கினர். கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலுமாக அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெண்களும் இருந்தனர். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம் மருத்துவமனைகளும் புதுச்சேரி ஜிப்மரும் நிரம்பின. கோமுகி ஆற்றங்கரை மயானத்தில் ஒரே நாளில் அடுத்தடுத்துச் சிதைகள் மூட்டப்பட்டன. காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில் இருக்க இது எப்படி நடந்தது என்று அன்று நாடே கேட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி கோகுல்தாஸ் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைக்கப்பட்டது. இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 10 இலட்சம் ரூபாய் வழங்கப்பட்டது. 2024 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது.

மெத்தனால் உடலுக்குள் சென்றவுடனே கொல்வதில்லை. கல்லீரலில் அது முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. அந்த அமிலமே பார்வை நரம்பைச் சிதைத்து, உயிரையும் குடிக்கிறது. குடித்தவர் நலமாக வீட்டுக்குத் திரும்பி, உறங்கி எழுந்து, 'கண் தெரியவில்லை' என்று சொல்வதற்கு இடையில் பல மணி நேரம் இருக்கிறது. உண்மையை உடனே ஒப்புக்கொண்டு எல்லாரையும் மருத்துவமனைக்கு அழைத்திருந்தால் அந்த இடைவேளையில் மேலும் சிலரைக் காத்திருக்கலாம் என்பதே இந்நிகழ்ச்சியில் என்னை மிகவும் வருத்துவது.

எங்களுள் ஒருவர், 'அந்தத் தெருவுக்குள் சென்று சற்று நேரம் செபித்துவிட்டுப் போகலாம்' என்றார். எங்கள் நண்பர் மறுத்தார். 'அங்கே நமக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. யாரைப் பார்க்கப் போகிறோம்?' என்றார். செபத்திற்கு அறிமுகம் எதற்கு என்று அவருக்கும் இவருக்கும் சிறிது வாக்குவாதம். நான் நண்பர் பக்கம். 2024 ஜூனில் சில வாரங்கள் கருணாபுரம் எல்லாருக்கும் சொந்த ஊராக இருந்தது. தலைவர்கள் வந்தார்கள், நடிகர்கள் வந்தார்கள், புகைப்படக் கருவிகள் வந்தன. மாலையிட்ட படங்களுக்கு முன்னால் அமர்ந்து அத்தனை பேருக்கும் அதே கதையைச் சொல்லவேண்டிய சுமை அந்த விதவைகளுடையது. எட்டு மாதம் கழித்து ஐந்து முதியவர்கள் மிதிவண்டிகளை நிறுத்திவிட்டு நின்றால், அவர்கள் மறுபடியும் எழுந்து வாசலுக்கு வரவேண்டும். சாலையில் மிதித்துக்கொண்டே செபிக்க முடியும், செபித்தோம்.

ஆனால் அதன்பின் நண்பர் சொன்னதுதான் இக்கட்டுரைக்கு உரியது. மேடேறும்போது மூச்சு வாங்க இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டே பேசினார். அதுவரை அவர் எங்களுக்குச் சொல்லியிருந்த ஊர்க்கதைகளில் ஓடை இருந்தது, புளியமரம் இருந்தது, கிறிஸ்து பிறப்பு இரவில் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு நடந்த பவனி இருந்தது. மலையிலிருந்து லாரி டியூபுகளில் இறங்கிய சாராயம் இல்லை. வெல்லமும் வேலம்பட்டையும் கடுக்காயும் போட்டுக் காய்ச்சிய அந்தச் சரக்கு, மாலையானால் ஊரின் இரு பகுதிகளுக்கும் வந்ததாம். ஊர்த்தெருவில் குடித்தவர்களை 'களைப்புக்குக் குடிக்கிறார்' என்றார்கள். காலனியில் குடித்தவர்களை 'குடிகாரப் பயல்கள்' என்றார்கள். 'இத்தனை வருடமாக இது என் ஞாபகத்தில் இல்லாமல் இல்லை. நான் சொன்ன கதைகளில்தான் இல்லை' என்றார் நண்பர்.

நினைவின் அறம் என்று ஒன்று உண்டானால் அது இங்கேதான் தொடங்குகிறது. நினைவு பொய் சொல்வது அரிது. அது பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறது. ஓடையை எடுத்துக்கொண்டு, ஓடையில் யார் எந்தத் துறையில் குளிக்கலாம் என்ற விதியை விட்டுவிடுகிறது. இப்படித் தேர்ந்தெடுத்த ஊரை நாம் நகரத்தில் வைத்துப் போற்றுகிறோம்; அதன் பெயரில் கண்ணீரும் விடுகிறோம். அந்த ஊரில் உண்மையில் வாழ்ந்த பாதிப் பேர் அதில் இல்லை.

மலைமேல் உள்ளவர்களின் கதை இன்னும் கசப்பானது. கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்தே அரசு நிர்வாகம் அங்கே முழுமையாக ஏறியது. சாமையும் கடுக்காயும் தேனும் விளையும் அம்மலையின் மலையாளிப் பழங்குடியினர், கூலி தேடிக் கேரளத்துத் தோட்டங்கள்வரை செல்கிறார்கள். அவர்களுடைய வாழ்க்கை நிலை பற்றி உயர்நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கெடுத்தது கருணாபுரத்துச் சாவுகளுக்குப் பிறகுதான். அடிவாரத்திலிருந்து பார்ப்பவருக்கு அம்மலை அன்றும் இன்றும் நீலமாகத்தான் தெரிகிறது.

கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கரும்பும் மரவள்ளியுமாக இருந்த வயல்களுக்கிடையே ஊரை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. அரசு தந்த மிதிவண்டிகளில் பள்ளிச் சிறுமியர் எங்களை எளிதாக முந்திச் சென்று, திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஊரைப் பற்றி விரித்துரைப்பதற்கில்லை. எல்லாருடைய ஊரும் மாறியதுபோல அதுவும் மாறியிருந்தது. புளியமரம் சாலை விரிவாக்கத்தில் போயிருந்தது. கிணற்றின்மேல் இரும்பு வலை போட்டிருந்தார்கள். சிற்றாலயத்திற்குப் புதுக் கோபுரம் எழும்பியிருந்தது. அது வளைகுடா நாட்டில் வேலைபார்க்கும் இளைஞர்களின் காணிக்கை. திண்ணையிலிருந்த மூதாட்டி ஒருவர் கண்ணுக்குமேல் கையை வைத்து, 'யாரு மவன்ப்பா நீ?' என்று கேட்டார். சொன்னதும், 'வாத்தியார் மவனா! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா கண்ணு?' என்றார். நண்பர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அவர் சின்னம்மா முறையாம்.

மதிய உணவுக்குப்பின் நால்வர் எங்களைத் தேடி வந்தனர். காலனியைச் சேர்ந்தவர்கள். முன்னால் வந்த இளம்பெண் ஊராட்சி வார்டு உறுப்பினர். அவருடைய தாத்தா எங்கள் நண்பரின் தந்தையை 'ஆண்டே' என்று அழைத்தவராம். பெயர்த்தி, 'வணக்கம் சார்' என்றார். அந்த இரு சொற்களுக்கு இடையில் கடந்திருக்கும் தொலைவை எந்த வண்டியின் மீட்டரும் காட்டாது.

அவர்கள் கேட்டது இது. காலனியிலிருந்து கல்லறைக்குச் செல்ல வழியில்லை. வாய்க்கால் கரையில்தான் தூக்கிச் செல்லவேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அது முழங்கால் அளவுச் சேறு. 2024 டிசம்பர் மழையில் கரையே உடைந்துவிட்டது. அந்த வாரத்தில் இறந்த ஒருவரை இரண்டு நாள் வீட்டில் வைத்திருந்தார்கள். வண்டி செல்லும் பாதை வேண்டுமானால், எங்கள் நண்பரும் அவர் சகோதரர் இருவரும் பொதுவில் வைத்திருக்கும் ஒரு ஏக்கர் இருபது சென்ட் நிலத்தின் ஓரமாகத்தான் போட முடியும். பன்னிரண்டடி அகலம், முந்நூறு அடி நீளம். கணக்குப் பார்த்தால் எட்டு சென்ட்டுக்குச் சற்று மேல். 'விலை போட்டுச் சொல்லுங்க சார், ஊராட்சியில எழுதிப் போடுறோம். சும்மா கேக்கல' என்றார் அப்பெண்.

வயலின் அந்த ஓரத்தில்தான் ஒரு வேம்பு நிற்கிறது. அதன் நிழலில்தான் நண்பரின் தாயார் நடவுக் காலத்தில் தூளி கட்டி அவரைப் போட்டிருப்பாராம். நாங்கள் இத்தனை தூரம் மிதித்து வந்ததே, ஒருவகையில், அந்த மரத்தைப் பார்க்கத்தான்.

இதில் எண்ணிப் பார்க்க என்ன இருக்கிறது, கொடுத்துவிட வேண்டியதுதானே என்று வாசகர் எண்ணலாம். அன்றிரவு எங்களுள் ஒருவரும் அப்படித்தான் சொன்னார். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், நிலத்துக்காரர்கள் வழிவிடாததால் தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தக் காட்சியைக் கண்டு உயர்நீதிமன்றமே தாமாக வழக்கெடுத்தது. அத்தகைய அவமானத்தின் முன்னால் ஒரு வேப்பமரம் எம்மாத்திரம்? உண்மைதான். ஆனால் ஒருவருடைய நினைவுக்கு எந்த மதிப்பும் இல்லை என்று எடுத்த எடுப்பில் தள்ளிவிடுவதும் சரியன்று. தாயின் தூளி கட்டிய மரம் ஒரு மனிதருக்கு வெறும் மரமன்று. புனிதர்களின் எலும்புகளையும் ஆடைத் துணுக்குகளையும் பேணிக் காக்கும் நாம், பொருள்களில் அன்பு தங்கியிருப்பதை அறியாதவர்களா?

என் எண்ணம் இது: நினைவுக்கு மதிப்பு உண்டு; அதைச் சுமப்பவர் அதற்குரிய விலையைத் தாமே கொடுக்கும்வரை. மரத்தைக் காக்க விரும்பும் மகன் அதன் அடியில் வந்து வாழலாம், வெயிலையும் சேற்றையும் ஊராரோடு பகிரலாம், இறந்தவரைத் தூக்கும் தோள்களில் ஒன்றாகலாம். அப்போது அவர் சொல்லுக்கு ஊரில் எடை இருக்கும். தாம் தொலைவில் இருந்துகொண்டு, தம் நினைவு கலையாமல் இருப்பதற்காக வேறு சிலர் பிணத்தைச் சேற்றில் தூக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பவர், நினைவின் விலையைப் பிறர் தலையில் எழுதுகிறார். அந்த வேறு சிலர் எப்போதும் ஒரே தெருவினராக இருப்பதும் தற்செயலன்று.

புனித அகுஸ்தினார் வாழ்வில் இரு நிகழ்ச்சிகள் உண்டு. இளமையில் தம் சொந்த ஊராகிய தாகாஸ்தேயில் உயிர் நண்பன் ஒருவனை இழந்தபோது, அந்த ஊரே தமக்கு வேதனையாகிவிட்டதால் அதைவிட்டு ஓடியதைத் தம் 'அறிக்கைகள்' நூலில் எழுதியிருக்கிறார். மனமாற்றத்திற்குப் பின் 388-ல் அதே தாகாஸ்தேவுக்குத் திரும்பினார். நினைவுகளைத் தேடி அவர் திரும்பவில்லை. தந்தைவழி வந்த சிறிது நிலத்தைத் துறந்து, நண்பர்களோடு எளிய பொதுவாழ்வு வாழ்வதற்காகவே திரும்பினார். அதற்கு முந்தைய ஆண்டு ஒஸ்தியாத் துறைமுகத்தில் அவர் தாய் மோனிக்கா இறந்தார். சொந்த ஊரில் கணவரின் கல்லறைக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்படவேண்டும் என்று நெடுங்காலம் விரும்பியிருந்த அத்தாய், இறுதியில் அந்த விருப்பத்தையும் விட்டுவிட்டார். உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், பீடத்தில் மட்டும் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்பதே அவர் கேட்டது. கல்லறைக்குச் செல்லும் வழியைப் பற்றிய வழக்கில் இத்தாயை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

விவிலியத்தில் ஊர் திரும்பியவர்களுள் என்னைக் கவர்ந்தவர் நகோமி. பஞ்சம் பிழைக்க மோவாபுக்குச் சென்று, கணவனையும் மைந்தரையும் இழந்து, பெத்லகேமுக்கு மீள்கிறார். ஊரே பரபரப்படைகிறது. அவரோ தம் இனிய பெயரையே மறுத்து, கசப்பு என்னும் பொருள்பட மாரா என்று தம்மை அழைக்கச் சொல்கிறார். பழைய நகோமியாக நடிக்க அவர் விரும்பவில்லை. அந்தக் கதையும் ஒரு நிலத்தில்தான் வந்து முடிகிறது என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. எலிமலேக்கின் வயலை மீட்கும் உரிமை நெருங்கிய உறவினன் ஒருவனுக்கு இருந்தது. ரூத்தையும் ஏற்கவேண்டும் என்றதும், தன் உரிமைச் சொத்துக்குக் கேடு வரும் என்று அஞ்சி அவன் விலகிக்கொள்கிறான். போவாசின் பெயரும் ரூத்தின் பெயரும் தாவீதின் குலவரிசையில் நிலைத்துவிட்டன. சொத்தைக் காத்துக்கொண்ட அந்த உறவினனின் பெயரை விவிலிய ஆசிரியர் எழுதவேயில்லை.

நம் திருச்சபையும் இதில் வெளியே நின்று தீர்ப்புச் சொல்லக்கூடிய இடத்தில் இல்லை. அந்த ஊரில் ஒரே சிற்றாலயம்; ஒரே பீடத்தில் இரு தெருவினரும் நற்கருணை வாங்குகிறார்கள். அடக்கத்திற்கு மட்டும் இரண்டு வழி, இரண்டு பகுதி. தமிழகத்தின் சில கல்லறைத் தோட்டங்களில் இறந்தோருக்கு இடையே சுவரே எழுப்பப்பட்டிருந்ததை நாம் அறிவோம். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மக்கள் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள்ளும் தீண்டாமை நிலவுவதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அறிக்கையை ஆயர்கள் எழுதலாம். எட்டு சென்ட்டை யார் எழுதிக்கொடுப்பது?

கொடுப்பதிலும் சிக்கல் இருந்தது. எங்களுள் நீதிமன்றப் பணியில் இருந்து ஓய்வுபெற்றவர் அதைச் சுட்டிக்காட்டினார். நாங்கள் மறுநாள் மிதித்துக்கொண்டு போய்விடுவோம். ஊர்த்தெருவில் இதை விரும்பாதவர்கள் இருந்தால், அவர்களுடைய கோபம் எங்கள்மேல் வராது; அந்த இளம்பெண்மேல் வரும். தாராளமாகக் கொடுத்துவிட்டுப் போகும் விருந்தாளியின் நற்பெயருக்கும் பிறர்தான் விலை கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே தனிப்பட்ட முறையில் 'நடந்துகொள்ளுங்கள்' என்று வாய்வார்த்தையாகச் சொல்வது கொடை ஆகாது. அது நாளைக்கு வேலி போட்டு மறுக்கப்படலாம். ஊராட்சியின் பெயருக்குத் தானப் பத்திரம் பதிவுசெய்து, நில அளவர் கல்நட்டு, உட்பிரிவு செய்து, அது பொதுப்பாதை என்று பதிவேட்டில் ஏறவேண்டும். ஊர்த்தெருக்காரர்களிடமும் நண்பரே சென்று, வாத்தியார் மகன் என்ற உரிமையில், முகத்துக்கு நேராகச் சொல்லவேண்டும். சொந்த ஊர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமைக்கு இப்படியொரு பயன் இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இயேசு நாசரேத்துக்குத் திரும்பியபோது ஊரார் அவருடைய தச்சுத் தொழிலையும் தாயையும் உறவினரையும் சொல்லிக்காட்டித்தான் மறுத்தார்கள். வாத்தியார் மகனுக்கும் அது நேர்ந்தது. 'நாப்பது வருஷமா வராதவன் வந்து வழி சொல்றியா?' என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நண்பர், 'வராம இருந்தது தப்புதான் மாமா. அதுக்காக அவங்க சேத்துல நடக்கணுமா?' என்றார். மாமா பதில் சொல்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். இருவர் ஆதரித்தனர். மற்றவர்கள் பேசவில்லை.

வேம்பை வெட்டவேண்டியதில்லை என்று பின்னர் அளந்தபோது தெரிந்தது. பாதை அதன் வேருக்கு நான்கடி தள்ளிப் போகிறது. ஆனால் அதற்கு முன்பே, மரம் போனாலும் போகட்டும் என்று நண்பர் சொல்லிவிட்டார்.

அதன்பின் அவர் மூன்றுமுறை அங்கே சென்று வந்துவிட்டார். மிதிவண்டியில் அன்று, பேருந்தில். கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்க ஒருமுறை, நில அளவர் வந்த அன்று ஒருமுறை, சின்னம்மாவின் அடக்கத்திற்கு ஒருமுறை. இளைய சகோதரர் கையெழுத்திட்டுவிட்டார். மூத்தவர் இன்னும் இடவில்லை. ஓசூரில் மகன் வீட்டில் இருக்கும் அவர், அப்பா வைத்த நிலத்தை அப்படியே பார்க்கவேண்டும், அதில் ஒரு பிடி மண்ணும் குறையக்கூடாது என்கிறார். அவர் அந்த நிலத்தைக் கடைசியாகப் பார்த்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மூட்டு வலி, மிதிவண்டி முடியாது. அவரைப் பேருந்தில் ஏற்றி, மழைக்காலத்தில், வாய்க்கால் கரை வழியாக அழைத்துச் செல்வதாக நண்பர் சொல்லியிருக்கிறார்.